மண்பாதைக்கு எந்த டர்ட் பைக்? பெங்களூர்த் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலார் பக்கம், மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள என் முதல் வண்டியை ஏரிக்கரைச் சரிவில் சாய்த்துவிட்டு, நாற்பது நிமிடம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் களி அப்படியே இருந்தது. மூன்று முறை தூக்க முயன்றதில் கிளட்ச் லீவர் உடைந்ததும் உள்ளங்கைத் தோல் உரிந்ததும்தான் மிச்சம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பின்பக்கத்தைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். வண்டியின் விலை என்ன என்று கேட்டார்; சொன்னேன். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஓசூர் வழியாகச் சென்னைக்குப் போய்வர அதைவிடச் சுகமான வண்டி எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. என்ஜின் சக்தியையும் தோற்றத்தையும் பார்த்து வாங்கினேனே தவிர, அதைக் கொண்டுபோய் எந்த மண்ணில் விடப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. எனவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விழுந்துவிட்ட வண்டியை, களைத்துப்போன நிலையில், நீங்கள் ஒருவராகவே தூக்கி நிறுத்திக் கிளப்பிக்கொண்டு வீடு திரும்ப முடியுமா? இந்தக் கேள்விக்குத் தேறாத வண்டி எத்தனை குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் மண்பாதைக்கு உங்களுடைய வண்டி அன்று.

முதல் படி: எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள்?

பெங்களூரைச் சுற்றி அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் கிடைக்கும் மண்பாதைகள் ஒரே மாதிரியானவை அல்ல. கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் கருங்கல் குன்றுகளின் அடிவாரம். பாறையும் உருண்டைக் கல்லும் மிகுதி, கல்லுக்கிடையில் பரல்மண் வழுக்கும். கனகபுரா, ராமநகரம் பக்கம் தைலமரத் தோப்புகளுக்கும் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் நடுவே ஓடும் செம்மண் வண்டித்தடம்; கோடையில் இது மாவுபோலப் புழுதியாகும், ஒரு மழை பெய்தால் டயரின் இடுக்குகளை அடைத்துக்கொண்டு எந்த நல்ல டயரையும் மொட்டை டயராக்கிவிடும். வற்றிய ஏரிகளின் தரை அகலமாகவும் சமமாகவும் இருப்பதால் பழகுவதற்கு ஏற்றது. ஆனால் நடுவில் எங்கே ஈரம் ஒளிந்திருக்கிறது என்பது இறங்கினால்தான் தெரியும்.

கடந்த சில மாதங்களில் நீங்கள் ஓட்டிய, அல்லது ஓட்ட விரும்புகிற, பாதைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் வண்டித்தடமும் ஏரித்தரையுமாக இருந்தால் நடுத்தர எடையுள்ள, பதிவெண் பெற்ற வண்டி போதும். ஒற்றையடிப் பாதையும் பாறை ஏற்றமும் மிகுதியாக இருந்தால் எடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். தாளில் எழுதியதில் பாதிக்கு மேல் தார்ச்சாலைதான் என்றால், உங்களுக்கு வேண்டியது டர்ட் பைக்கே அல்ல என்று ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி வனவிலங்குச் சரணாலயம் போன்றவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. காப்புக்காடுகள் 1963ஆம் ஆண்டின் கர்நாடக வனச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதால், "பாதை இருக்கிறது, வேலி இல்லை" என்ற வாதம் அங்கே எடுபடாது. தனியார் நிலத்தில் ஓட்டுவதற்கு நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. விதைத்த கொல்லையில் சக்கரம் இறங்கினால் அடுத்த வாரம் அந்த ஊருக்குள் யாரையும் விடமாட்டார்கள். கட்டணம் செலுத்திப் பயிற்சியும் பெறலாம் என்றால், 2015இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான பெங்களூர்க்காரர் சி. எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க் கோலார் பக்கத்தில் இருக்கிறது. வண்டி வாங்கும் முன்பே இப்படி ஒரு பயிற்சியில் ஒரு நாளைச் செலவிட்டால், மற்றவர் வண்டியில் விழுந்து எழுந்து உங்கள் தேவையைத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: பெயர்களைப் பிரித்தறிதல்

"டர்ட் பைக்" என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைக்கான வண்டிகள் அடங்கியிருக்கின்றன. மோட்டோகிராஸ் வண்டி மூடிய பந்தயத்தடத்தில் தாவிக் குதிப்பதற்காகச் செய்யப்பட்டது; முகப்பு விளக்கு இல்லை, பதிவெண் கிடையாது, பின்சக்கரம் பெரும்பாலும் 19 அங்குலம், என்ஜின் சக்தி மேல்சுற்றில் (என்ஜின் வேகமாகச் சுழலும்போது) வெடித்துக் கிளம்பும். கவாசாகி கேஎக்ஸ் 250 போன்ற வண்டி சுமார் 108 கிலோதான் என்று கேட்டவுடன் நாவில் நீர் ஊறும். ஆனால் அதன் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை, ஓடிய மணிநேரத்தில் கணக்கிடுகிறார்கள். பாறைக்கு நடுவே நடைவேகத்தில் ஊர்ந்து போகும்போது அந்த என்ஜின் சூடேறி முரண்டு பிடிக்கும். புதியவருக்கு அது வேண்டாம்.

எண்டியூரோ வண்டி அதன் உறவுக்காரன். காட்டுப்பாதையில் நெடுநேரம் ஓடுவதற்காகப் பற்சக்கர விகிதங்கள் அகன்று அமைந்திருக்கும், விளக்கு இருக்கும். பின்சக்கரம் 18 அங்குலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: சக்கரம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும், கல்லில் மோதும்போது அந்த ரப்பர் அடியை வாங்கிக்கொண்டு ரிம்மைக் காப்பாற்றும். ட்ரெயில் வண்டி இவற்றைவிடச் சாது. மென்மையான சஸ்பென்ஷன், கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் என்ஜின், எளிய பராமரிப்பு. இதற்குப் பதிவெண், இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் கொடுத்தால் அது டூயல் ஸ்போர்ட். அட்வெஞ்சர் வண்டி என்பது மண்ணைச் சமாளிக்கத் தெரிந்த நெடுந்தூர வண்டி. எடை அதன் இயல்பு. வாரக்கடைசியில் மண்பாதைக்குப் போகிற ஒருவர் தேட வேண்டியது ட்ரெயிலுக்கும் டூயல் ஸ்போர்ட்டுக்கும் நடுவே இருக்கிறது.

மூன்றாம் படி: பாதை வரைக்கும் எப்படிப் போவீர்கள்?

பலரும் தவறவிடுவது இதைத்தான். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ குடியிருப்பவருக்கு மண்பாதை தொடங்கும் இடம் குறைந்தது 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வண்டியிலேயே போவதா, வண்டியை ஏற்றிக்கொண்டு போவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது. "வீட்டிலிருந்து பத்தே நிமிடம், அதுவும் விடியற்காலையில்" என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் துணைக்கு வராது. பதிவெண் இல்லாத வண்டி வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கவும், ஏற்றி இறக்கச் சாய்வுப்பலகை போடவும் இடம் வேண்டும். மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதைத் தொடர்ந்து செய்தவர்கள் என் பழக்கத்தில் ஒருவர்கூட இல்லை. இரண்டு மாதம் செய்வார்கள். பிறகு வண்டி தூசி படிந்து நிற்கும்.

ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குப் பதிவெண் பெற்ற வண்டிதான் வழி. அப்படியானால் நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடுங்காமல் ஓடுகிறதா, எரிபொருள் தொட்டி போய்வரும் தூரத்துக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருக்கும். ராமநகரம் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவும்: பெங்களூர் மைசூர் விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை இருப்பதால் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அங்கே பெரிய என்ஜின் இருந்தும் பயனில்லை.

தமிழ்நாட்டுப் பதிவைப் பற்றியும் ஒரு சொல். ஓசூரில் மாமா வீட்டு முகவரியில் வண்டியெடுத்து, டிஎன் 70 பலகையோடு பெங்களூரில் ஓட்டும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. வேறு மாநில வண்டி ஒன்றைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்போது கர்நாடக வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வண்டியின் விலையைக் கணக்கிட வேண்டும்.

நான்காம் படி: உங்கள் உடம்பும் வண்டியின் உடம்பும்

முதலில் உள்கால் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் மேலேற்றிச் சுவரில் பதித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் அதுதான் உங்கள் அளவு. அது 76 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூட்ஸ் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் கூட்டும், ஆக 79. இனி வண்டியைப் பாருங்கள்: இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர் என்றால், நீங்கள் உட்கார்ந்தவுடன் சஸ்பென்ஷன் 5 சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கி இருக்கை 77.5 சென்டிமீட்டருக்கு இறங்கும். கணக்கில் எட்டுகிறது, ஆனால் இருக்கையின் அகலம் கால்களை விரிப்பதால் நடைமுறையில் முன்பாதங்கள்தான் ஊன்றும். அது தாராளமாகப் போதும். இருக்கை 880 மில்லிமீட்டராக இருக்கும் வண்டியில் அதே ஆள் ஒரு பக்கம் சற்று நகர்ந்து ஒரு காலைத்தான் ஊன்ற முடியும்.

இரண்டு பாதமும் தட்டையாகப் பதிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். உயரமான வண்டியில் ஒரு காலை ஊன்றி நிற்பது பழகிவிடும். அந்த உயரத்தோடு எடையும் சேர்ந்தால்தான் வினை: சாயத் தொடங்கிய 140 கிலோ வண்டியை ஒற்றைக் காலில் தாங்கிப் பிடிக்கலாம், 200 கிலோ வண்டி ஒரு கோணத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் அதை விட்டு விலகுவதுதான் புத்திசாலித்தனம். இருக்கையைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டும் வேலையை எந்த மெக்கானிக் சொன்னாலும் செய்யாதீர்கள்; சஸ்பென்ஷனின் வேலையே கெட்டுவிடும்.

எடையைச் சோதிக்க ஒரே வழி தூக்கிப் பார்ப்பதுதான். ஷோரூமில் வண்டியைப் படுக்கவைக்க விடமாட்டார்கள். ஏற்கெனவே அதே வண்டியை வைத்திருக்கும் நண்பரைப் புல்தரைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். எரிபொருளை மூடும் குழாய் இருந்தால் மூடுங்கள், கியரில் போடுங்கள், ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி இடுப்பை இருக்கையின் ஓரத்தில் ஒட்டிவைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கச் சட்டத்தையும் (ஃபிரேம்) பிடித்து, முழங்காலை நிமிர்த்திச் சிறுசிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் அடுத்த ஒரு வாரம் படுக்கைதான். இதை ஐந்து முறை அடுத்தடுத்துச் செய்யுங்கள். முதல் தூக்கல் எல்லோருக்கும் வரும். மண்பாதையில் பதினொரு மணி வெயிலில் நீங்கள் செய்யப்போவது ஐந்தாவது தூக்கலைத்தான். அதில் கை நடுங்கினால் அடுத்த எடை வகுப்புக்கு இறங்குங்கள்.

ஐந்தாம் படி: என்ஜின்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மக்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படும் பகுதி இதுதான். பாதையில் தேவைப்படுவது கீழ்ச்சுற்றில் அணையாமல் இழுக்கும் திறன். 200 முதல் 250 சிசி வரையுள்ள நான்கு ஸ்ட்ரோக் என்ஜின், 18 முதல் 25 குதிரைத்திறனோடு, புதியவரை ஆண்டுக்கணக்கில் சலிக்கவிடாது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து, சாதாரண என்ஜின் எதுவும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இங்கே இழக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே கதைதான் என்பதால் ஒப்பிடுவதில் குழப்பமில்லை. ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டி உயரத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு ஜெட் (எரிபொருள் பாயும் சிறு துளை) மாற்ற வேண்டியிருக்கலாம்.

வண்டி மெதுவாகப் போகும்போது திணறினால் உடனே பெரிய என்ஜினைத் தேட வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) 13 பல் இருந்தால் அதை 12 ஆக்குங்கள். ஏறக்குறைய 8 விழுக்காடு இழுவை கூடும். பின்னால் 40 பல் இருக்கும் வண்டியில் மூன்று நான்கு பல் கூட்டுவதற்கு இது சமம், செலவோ அதில் ஒரு பகுதி. நெடுஞ்சாலை வேகம் சற்றுக் குறையும், அது நட்டமில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் பற்றிக் கேட்காத பெங்களூர்க்காரர் கிடையாது. 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100 இந்த ஊரில் இன்னும் பூசை செய்து வைக்கப்படுகிறது. அதைப் பிரித்துக் கட்டி டர்ட் டிராக்கில் ஓட்டிய தலைமுறையிடம் நாம் கற்றது நிறைய. இருந்தாலும் சாலைக்காகச் செய்த அதன் சட்டமும் குட்டை சஸ்பென்ஷனும் பாறைப்பாதைக்குப் போதாது, நல்ல நிலையில் உள்ளவை இப்போது கேட்கும் விலைக்குப் புது வண்டியே வந்துவிடும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆறாம் படி: சஸ்பென்ஷன், சக்கரம், டயர்

சக்கரம் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் ஸ்போக்ஸ். இதில் சமரசம் வேண்டாம். முன்சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லின் மேல் ஏறி உருளும். 17 அங்குலமாக இருந்தால் அதே கல்லில் முட்டி நிற்கும். அலாய் சக்கரம் வளைந்தால் வெடிக்கும், ஸ்போக்ஸ் சக்கரத்தைக் கோலார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்கூடப் பெண்டு எடுத்துத் தருவார்கள்.

சஸ்பென்ஷன் நகரும் தூரம் குறைந்தது 190 மில்லிமீட்டர் முன்னால், 170 பின்னால் வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இந்த எண்களைவிட முக்கியமானது, ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்பது. ஓர் இஞ்ச் டேப்பும் ஒரு நண்பரும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்படி வண்டியை ஒரு பெட்டியின் மேல் நிறுத்தி, அச்சாணியிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு புள்ளிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப்பை உட்பட முழுக் கவசத்தோடு ஏறி உட்கார்ந்து, அதே இரண்டு புள்ளிகளை நண்பரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம், சஸ்பென்ஷன் நகரும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்; 170 மில்லிமீட்டர் ஷாக்கில் 50 அளவுக்கு. எண்பது வந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது, இருபத்தைந்து வந்தால் கடினம். பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) திருகி ஓரளவு சரிசெய்யலாம், அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். நம் சந்தைக்கான வண்டிகள் பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்வதையும் மனத்தில் வைத்து அமைக்கப்படுபவை என்பதால், ஒல்லியான ஆட்கள் பிரீலோடைக் குறைக்க வேண்டியிருக்கும்.

டயரைப் பொறுத்தவரை, கம்பெனி பொருத்தித் தருவது பெரும்பாலும் சாலைக்கும் மண்ணுக்கும் நடுவில் நிற்கும். முதல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டிவிட்டுப் பிறகு முழு நாபி டயருக்கு (பெரிய ரப்பர் குமிழ்கள் உள்ள மண்பாதை டயர்) போகலாம். காற்றழுத்தம்தான் இலவச மேம்பாடு: 150 கிலோ வண்டிக்கு மண்ணில் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினாலே பிடிமானம் மாறுவது தெரியும். அதற்கும் கீழே போனால் கல்லில் டியூப் நசுங்கிக் கிழியும். இந்தப் பக்கம் வேலிகளில் ஜாலி முள் என்றும், நம் ஊரில் சீமைக் கருவேல முள் என்றும் சொல்லும் முள் கிடக்காத பாதையே இல்லை என்பதால், டயர் கழற்றும் இரும்பு இரண்டு, மாற்று டியூப், கைப்பம்ப் ஆகியவை முதுகுப்பையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். முன் டியூப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 21 அங்குல டியூபை 18 அங்குல டயருக்குள் திணித்து வீடு வந்துவிடலாம், தலைகீழாக அது நடக்காது.

பிரேக்கில் பார்க்க வேண்டியது, ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பின்சக்கரத்துக்காவது அணைக்க முடிகிறதா என்பது. தளர்ந்த மண் இறக்கத்தில் பின் ஏபிஎஸ் வேலை செய்தால், பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போகும் அனுபவம் திகிலானது.

ஏழாம் படி: கடையில் இருப்பவை

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019இல். 2021இல் நான்கு வால்வு என்ஜின் கிடைத்தது. 21, 18 அங்குலச் சக்கரங்கள், 825 மில்லிமீட்டர் இருக்கை, 220 மில்லிமீட்டர் இடைவெளி, 160 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. உதிரிபாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும் என்பதைத் தவிரக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உயரமானவர்களுக்கு, சஸ்பென்ஷன் முன்னால் 250, பின்னால் 220 மில்லிமீட்டர் நகரும் புரோ வகை உண்டு. அதன் இருக்கை 891 மில்லிமீட்டர் என்பதை மறக்க வேண்டாம். 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210, திரவக் குளிர்விப்பும் ஏறக்குறைய 24.6 குதிரைத்திறனும் கொண்டது. எடை பத்துக் கிலோ அளவுக்குக் கூடினாலும், வாரந்தோறும் நந்தி மலைப் பக்கம் சாலையில் போய்வருகிறவருக்கு அது பொருந்தும்.

கவாசாகி கேஎல்எக்ஸ் 230, டூயல் ஸ்போர்ட் என்ற சொல்லுக்கு நம் சந்தையில் இப்போதைக்கு மிக நெருக்கமான வண்டி. எடை 140 கிலோவை ஒட்டி, இருக்கை 880 மில்லிமீட்டர், தொட்டி 7.6 லிட்டர். 2024 டிசம்பரில் 3.30 லட்ச ரூபாய் விலையோடு வந்தபோது யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கி 2 லட்ச ரூபாயை ஒட்டி இறக்கிய பிறகு கதை மாறியிருக்கிறது. என் தூக்கல் சோதனையில் இது மற்ற எல்லாவற்றையும் எளிதில் மிஞ்சும். இதன் பெயரை ஒட்டி வரும் கேஎல்எக்ஸ் 230 ஆர்எஸ் பதிவு செய்ய முடியாத வண்டி என்பதால் பெயரைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேடிஎம் 390 எண்டியூரோ ஆர், 2025இல் வந்தது. 46 குதிரைத்திறன், 860 மில்லிமீட்டர் இருக்கை. இரண்டு மூன்று ஆண்டு மண்ணில் பழகியவருக்கு அருமையான வண்டி. புதியவர் கையில் அந்தச் சக்தி, வழுக்கும் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு விரற்கடை கூடுதலாகத் திருப்பியதும் வண்டியை மட்டும் மேலே அனுப்பிவிடும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, 196 கிலோ, 40 குதிரைத்திறன். லடாக்குக்கும் ஸ்பிட்டிக்கும் போக ஆசையிருந்தால் தாராளமாக வாங்குங்கள். வற்றிய ஏரிக்குள் அதை இறக்குவதற்கு முன் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பார்ப்பது

அல்சூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு; வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் விற்பவரிடம் பேச்சே கொடுக்காமல் முதலில் ஏர் ஃபில்ட்டர் பெட்டியைத் திறப்பார். ஃபில்ட்டரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைப் பனியன் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்சுவரை ஒரு சுற்றுத் துடைத்து வெளியே எடுத்துக் காட்டுவார். அன்றைக்கு நாங்கள் பார்த்த வண்டி கழுவி மெழுகு போட்டுப் புதுப்பெண் போல நின்றிருந்தது. துணியோ செம்மண் நிறத்தில் வந்தது. "மண்ணு உள்ள போயிருக்கு தம்பி, போர் அடிக்காம இது தேறாது" என்றார். போர் அடிப்பது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது. ஃபில்ட்டரைத் தாண்டிய புழுதி பிஸ்டனையும் சிலிண்டரையும் உரசித் தேய்த்திருக்கும் என்பதால், அந்த ஒரு துணி மற்ற எல்லாச் சோதனைக்கும் முன்னால் வர வேண்டும்.

அது சுத்தமாக வந்தால் மேலே போகலாம். ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் ஸ்பானரால் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்று ஒலிப்பது இறுக்கம், மந்தமாகத் தட்டுப்படுவது தளர்வு. முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று இடித்தால் கோன் பேரிங் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) போயிருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு இருந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை, பேரத்துக்கு உதவும். அடிவயிற்றில் பேஷ் பிளேட்டை (என்ஜினின் அடியைக் காக்கும் தகடு) கழற்றச் சொல்லி என்ஜின் கேஸில் விரிசலோ பற்றவைத்த தடமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்றத் தயங்குகிற விற்பனைக்காரரிடம் வண்டி வாங்க வேண்டாம். ஹேண்டிலுக்குப் பின்னால் சட்டத்தின் தலைப்பகுதியில் பெயிண்ட் சுருங்கியோ புதிதாகவோ இருந்தால் பலமாக எங்கோ மோதியிருக்கிறது.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, கடன் நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சைலன்சர், விளக்கு, வண்டிச் சட்டம் போன்றவற்றில் பழைய உரிமையாளர் செய்த மாற்றங்கள், பதிவில் இல்லாவிட்டால் உங்கள் தலையில்தான் விழும். காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம்: பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்தை வழக்கமான பாலிசி ஏற்காது.

ஒன்பதாம் படி: பணத்தைப் பிரித்தல்

கையிலிருக்கும் தொகை முழுவதையும் வண்டிக்கே போட்டுவிட்டு, சாதாரண ஷூவோடும் ஜீன்ஸோடும் வருகிற தம்பிகளைப் பாதையில் அடிக்கடி பார்க்கிறேன். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கவசத்துக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் பெரும்பங்கு பூட்ஸுக்குப் போகட்டும்; மண்ணில் மிகுதியாக அடிபடுவது கணுக்காலும் முழங்காலும்தான், விழும் வண்டி காலின் மேல்தான் விழும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழு ஹெல்மெட், கண்ணாடி, கீல் வைத்த முழங்கால் காப்பு, மார்புக் கவசம், கையுறை என்று வரிசையாக வாங்கலாம். ஜே.சி. ரோட்டில் மலிவாகத் தொங்கும் முழங்கால் காப்புகளில் பல, நின்றால் பொருந்தும், முழங்காலை மடக்கினால் விலகிவிடும். கடையிலேயே குந்தி உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

வண்டியோடு உடனே சேர்க்க வேண்டியவை பேஷ் பிளேட்டும் கைக்காப்பும் மட்டுமே. மாற்றுச் சைலன்சர், கலர் ரிம், கூடுதல் விளக்கு எல்லாம் ஓராண்டு பொறுக்கட்டும். கிளட்ச் லீவர், பிரேக் லீவர் தலா ஒன்று கூடுதலாக வாங்கிப் பழைய துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வையுங்கள். இதை நான் உரிந்த உள்ளங்கையோடு கற்றுக்கொண்டேன்.

வாங்கிய பிறகு, முதல் இரண்டு மாதம்

முதல் சில சவாரிகளை ஏரித்தரையிலும் வண்டித்தடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்; குறைந்தது ஒருவராவது துணைக்கு வரட்டும். கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் தாங்கும் பிடிகளை ஹேண்டிலில் முழு இறுக்கமாக முடுக்காமல், பலமாகத் தட்டினால் சுழலும் அளவுக்கு விட்டால் விழும்போது லீவர் உடையாது. புழுதியில் ஓட்டி வந்த ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்ட்டரைக் கழற்றிப் பாருங்கள். நுரை ஃபில்ட்டர் என்றால் கழுவிக் காயவைத்து அதற்கான எண்ணெயைத் தடவி மாட்டுங்கள். பிரஷர் பம்பால் கழுவும்போது சக்கர பேரிங்கையும் செயினையும் நேராக அடிக்க வேண்டாம். புதுச் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் முதல் சில சவாரிகளிலேயே தளர்வது வழக்கம் என்பதால், வீடு திரும்பியதும் குளிக்கப் போவதற்கு முன், ஸ்பானரை எடுத்து ஒரு சுற்றுத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.